652-லேர்ந்து 603: எங்க வீட்டு ப்ராபர்ட்டி டாக்ஸ் ப்ரொடெஸ்ட் கதை, முழுசா

2023 ஏப்ரல் நடுவுல ஒரு நாள் அந்த கவர் வந்துச்சு, பிரிச்சு பாத்தா எங்க வீட்டோட மதிப்பு 652,000 டாலர்னு போட்டிருக்கு. நாங்க அந்த வீட்டை 2022 ஜூன்ல 625,000-க்கு வாங்கினோம், அதுவே கேட்ட விலைக்கு மேல முப்பதாயிரம் ஏத்திப் போட்டுத்தான் கெடச்சுது, அந்த சீசன்ல டல்லாஸுக்கு வடக்கால வீடு தேடின எல்லாருக்கும் அந்த கூத்து தெரியும். வாங்கி பத்து மாசம்கூட ஆகல, பெயின்ட் மாத்தல, ஒரு ஆணி அடிக்கல, இருபத்தேழாயிரம் ஏறிப்போச்சாம்.

ஊர்ல அப்பாட்ட ஃபோன்ல சொன்னேன். வருஷத்துக்கு எவ்ளோம்மா வரும்னாரு, இதே மதிப்பு நின்னா பதிமூணாயிரம் டாலர் தாண்டும்பான்னேன், கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "அது வரியா வாடகையாம்மா?"ன்னு கேட்டாரு. அவருக்கு பழக்கம் ஆறு மாசத்துக்கு ஒருக்கா கட்டற வீட்டு வரிதான், அங்க கணக்கு வாடகை மதிப்பை வச்சு வரும். டெக்ஸாஸ்ல அப்படி இல்ல, ஜனவரி 1-ம் தேதி அன்னிக்கு வீட்டை வித்தா என்ன போகும்ங்கறதுதான் கணக்கு. இங்க ஸ்டேட் இன்கம் டாக்ஸ் கெடையாது, அதனால ஸ்கூல், சிட்டி, கவுண்ட்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி), காலேஜ்னு எல்லாரும் வீட்டு மேலதான் கை வைப்பாங்க, எங்க ஏரியால 2022 ரேட்டு எல்லாம் சேத்து 2.1 சதவீதம் பக்கம் வந்துச்சு.

அந்த கவர்ல இருக்கறது பில் இல்ல, இத மொதல்ல சொல்லிடறேன், ஏன்னா நானே பில்னு நெனச்சுட்டேன். அது அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட், அதாவது வீடுங்களுக்கு மதிப்பு போடற ஆபீஸ், அனுப்பற மதிப்பு நோட்டீஸ். பில் அக்டோபர்ல வரும், அடுத்த ஜனவரி 31-க்குள்ள கட்டணும். பில் வந்தப்புறம் போய் அழுதா ஒண்ணும் நடக்காது. மதிப்பு தப்புன்னு சண்டை போடணும்னா, அதுக்குப் பேர்தான் ப்ரொடெஸ்ட், நோட்டீஸ் வந்தப்பவே போடணும், மே 15 இல்லன்னா நோட்டீஸ் அனுப்பினதுலேர்ந்து 30 நாள், ரெண்டுல எது பின்னாடி வருதோ அதுவரைக்கும் டைம்.

ரெண்டு வீடு தள்ளி இருக்க அண்ணா ஒருத்தர், பதினஞ்சு வருஷமா இங்க இருக்கறவரு, பயமுறுத்தினாரு. "வேண்டாம்மா, நீ போய் கிளறினா உள்ள வந்து பாத்துட்டு இன்னும் ஏத்திடுவான்." இந்த பயம் நம்ம ஆளுங்க நெறைய பேருக்கு இருக்கு. 2019-ல சட்டத்தையே மாத்திட்டாங்க, நோட்டீஸ்ல வந்த மதிப்புக்கு மேல ப்ரொடெஸ்ட்ட விசாரிக்கற ரிவ்யூ போர்டு ஏத்த முடியாது, நீங்களே கேட்டு ஒத்துக்கிட்டாத்தான் உண்டு. வாயத் தொறந்தா நஷ்டம்ங்கற பேச்சுக்கே எடமில்ல.

இன்னொரு காரணமும் இருந்துச்சு, எனக்கு அதுதான் பெருசு. சொந்தமா குடியிருக்க வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் எக்ஸெம்ப்ஷன்னு ஒரு வரிக் கழிவு போட்டா, வரி போடற மதிப்பு வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல ஏறக் கூடாதுன்னு ஒரு கேப் இருக்கு. ஆனா அந்த கேப் மொத வருஷத்துல வராது, தகுதி வந்த வருஷத்துக்கு அடுத்த ஜனவரிலேர்ந்துதான். 2022-ல வீடு பழைய ஓனரோட ஹோம்ஸ்டெட்ல இருந்துச்சு, எங்களுக்கு மொத வருஷம் 2023, கேப் ஆரம்பிக்கறது 2024. அப்ப 2023-ல நிக்கிற நம்பர்தான் அஸ்திவாரம், 652-ல நின்னா அடுத்த வருஷம் 717 வரைக்கும் போகலாம், 600-ல நிறுத்தினா 660-ஓட சரி. வீடு வாங்கி மொத நோட்டீஸ் வரும்போது சும்மா விடறவங்கள பாத்தா எனக்கு வயிறு எரியும், ஏன்னா பேசவேண்டிய வருஷமே அதுதான்.

இதுக்குன்னு கம்பெனிங்க இருக்கு, மிச்சம் பிடிக்கறதுல ஒரு பங்கு எடுத்துப்பாங்க. என் ஹஸ்பண்ட், இவரு, அப்படி குடுத்துடலாம்னாரு. எங்க ஆபீஸ்ல ஒரு பையன் முந்தின வருஷம் குடுத்திருந்தான், அவங்க மொத ஆஃபரையே வாங்கிட்டு பில் அனுப்பிட்டாங்க, நூத்துக்கணக்கான வீட்டை ஒரே நாள்ல பாக்கறவங்க என் வீட்டுக்குன்னு எவ்ளோ நேரம் உக்காருவாங்க. நானே பண்றேன்னுட்டேன். ரெண்டு சனி ஞாயிறு போச்சு.

ஆன்லைன்லயே ஃபைல் பண்ணிடலாம். காரணம் கேக்கற எடத்துல ரெண்டு கட்டம் முக்கியம், மார்க்கெட் மதிப்பு தப்புங்கறது ஒண்ணு, மத்த வீடுங்களோட ஒப்பிட்டா என் மதிப்பு சமமா இல்லங்கறது ஒண்ணு. ரெண்டையும் டிக் பண்ணணும். ரெண்டாவத டிக் பண்ணாம விட்டுட்டு ஹியரிங்ல போய் பக்கத்து வீட்டு நம்பரை நீட்டினா, நீங்க அத கேக்கவே இல்லியேன்னு சொல்லிடலாம். என் கேஸ் பொழச்சதே அந்த ரெண்டாவது டிக்காலதான். ஃபைல் பண்ண அன்னிக்கே இன்னொண்ணும் எழுதிக் கேட்டேன், ஹியரிங்ல என் வீட்டப் பத்தி என்னல்லாம் காட்டப் போறீங்களோ அத்தனையும் எனக்கு முன்னாடியே குடுங்கன்னு. ஹியரிங்குக்கு 14 நாள் முன்னாடி அத குடுத்தாகணும், கேட்டும் குடுக்காதத அங்க வந்து காட்டக் கூடாது. இந்த ஒரு வரி பின்னாடி எனக்கு உதவுச்சு.

அப்புறம் கவுண்ட்டி வெப்சைட்ல எங்க வீட்டு கார்டை, அதாவது வீட்டப் பத்தி அவங்க வச்சிருக்க விவரத்த, எடுத்துப் பாத்தேன். 2016-ல கட்டினது, சரி. நாலு பெட்ரூம், சரி. ஏரியா 3,012 ஸ்கொயர் ஃபீட். இங்கதான் இடிச்சுது. வாங்கும்போது பில்டர் ப்ளான்ல 2,840-னு பாத்த ஞாபகம். பழைய ஓனர் விட்டுட்டுப் போன ஃபைல்ல ப்ளானை தேடி எடுத்தேன், 2,840-தான். மீதி 172 எங்க போச்சு? மாடிப்படி பக்கத்துல ஹால் ரெண்டு மாடி உயரத்துக்கு தொறந்து கெடக்கும், மேல நின்னா கீழ சோஃபா தெரியும், 13-க்கு 13 அடி சொச்சம் வெறும் காத்து. அத மேல் மாடி தரைன்னு கணக்குல சேத்திருக்காங்க. வெளில நின்னு சுத்தளவ அளந்து ரெண்டால பெருக்கினா இப்படித்தான் வரும். இவரு டேப் பிடிச்சாரு, நான் எழுதினேன், பையன் மாடிலேர்ந்து அந்த காத்துக்குள்ள பேப்பர் ராக்கெட் விட்டுட்டு இருந்தான். அந்த எடத்த நாலு பக்கத்துலேர்ந்து ஃபோட்டோ எடுத்துக்கிட்டேன்.

இப்ப நான் பண்ண மடத்தனம். வெப்சைட்ல எல்லா வீட்டோட மதிப்பும் பப்ளிக்கா கெடக்கும், நான் எங்க தெருவுல இருக்க வீடு எல்லாத்தையும் எக்ஸெல்ல போட்டேன், பாத்தா எல்லாரும் 470, 480, 495. எனக்கு மட்டும் 652! ராத்திரி பதினோரு மணிக்கு இவர எழுப்பி காட்டினேன். அவரும் அடப்பாவின்னாரு. ரெண்டு பேரும் கோவத்துல தூங்கவே இல்ல. அப்புறம்தான் தெரிஞ்சுது நான் எடுத்தது கேப் போட்டப்புறம் நிக்கிற மதிப்பு. அஞ்சாறு வருஷமா இருக்கறவங்களுக்கு கேப் தாங்கிப் பிடிச்சிருக்கும், அது அவங்க உரிமை, அத வச்சு ஒப்பிட முடியாது. அதே பக்கத்துல மேல மார்க்கெட் மதிப்புன்னு தனியா ஒரு நம்பர் இருக்கும், அததான் எடுக்கணும். இத நானே கண்டுபிடிச்சேன்னு பெருமையா சொல்ல ஆசைதான், ஆனா கண்டுபிடிச்சது இன்ஃபார்மல் மீட்டிங்ல அந்த கவுண்ட்டி அப்ரைசர். ரொம்ப மரியாதையா, சிரிக்காம சொன்னாரு, எனக்குத்தான் மூஞ்சி செவந்துருச்சு.

இன்ஃபார்மல்ங்கறது போர்டுக்கு முன்னாடி அப்ரைசர் கூட ஃபோன்லயோ நேர்லயோ பேசித் தீத்துக்கறது. நான் ஃபோன்ல பேசினேன். எக்ஸெல் புஸ்ஸுன்னு போனப்புறம் அவரு சாதாரணமா ஒரு கேள்வி கேட்டாரு, எவ்ளோக்கு வாங்கினீங்கன்னு. டெக்ஸாஸ்ல விக்கிற விலைய கவுண்ட்டிக்கு சொல்லணும்னு கட்டாயம் கெடையாது, அதனால அவங்களுக்கு அது நெஜமாவே தெரியாம இருக்கலாம். நான் பொய் சொல்ற ஆள் இல்ல, அத விட நம்ம பக்கம்தான் நியாயம்னு நெனப்பு வேற, 625-னு சொல்லி வீடு வாங்கி முடிச்சப்ப வந்த க்ளோசிங் பேப்பரையும் அனுப்பி வச்சேன். அஞ்சு நிமிஷத்துல ஆஃபர் வந்துச்சு: 625. அவ்வளவுதான், அதுக்கு கீழ ஒரு டாலர் எறங்க மாட்டேன்னுட்டாரு, உங்க விலைதானே மேடம்ங்கறாரு. 172 ஸ்கொயர் ஃபீட் பத்தி கேட்டா, நீங்க அந்த காத்தையும் சேத்துத்தானே 625 குடுத்தீங்கன்னாரு. யோசிச்சா அதுவும் சரிதான்!

இவரு ஒத்துக்கோன்னாரு. 27,000 கொறஞ்சா வருஷத்துக்கு ஐநூறு அறுநூறு டாலர், போதும்னாரு. எனக்கு ரெண்டு விஷயம் உறுத்துச்சு. ஒண்ணு, கணக்கு ஜனவரி 1, 2023-க்கு, நாங்க வாங்கினது 2022 ஜூன். நடுவுல என்ன ஆச்சுன்னு ஊருக்கே தெரியும், வருஷ ஆரம்பத்துல 3 சொச்சம் இருந்த வீட்டுக் கடன் வட்டி அக்டோபர் நவம்பர்ல 7-ஐத் தாண்டிருச்சு, ஜூன்ல ஒரு வீட்டுக்கு வரிசையா வந்து நின்ன கூட்டம் டிசம்பர்ல காணோம். ரெண்டு, அந்த ரெண்டாவது டிக். நான் எவ்ளோக்கு வாங்கினேன்ங்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே கெடையாது. சட்டம் சொல்றது இதுதான்: ஒப்பிடத்தக்க வீடுங்க நியாயமான எண்ணிக்கைல எடுத்து, வித்தியாசத்த சரிக்கட்டி, வர்ற மீடியனுக்கு, அதாவது வரிசையா அடுக்கினா நடுவுல நிக்கிற நம்பருக்கு, மேல என் வீட்டு மதிப்பு இருந்தா கொறைக்கணும். டெக்ஸாஸ் டாக்ஸ் கோட் 41.43(b)(3). நான் ஏமாந்து அதிகம் குடுத்து வாங்கினேன்னே வச்சுக்குவோம், அதுக்காக பக்கத்து வீட்டுக்காரன விட எனக்கு அதிகமா மதிப்பு போடறது சமம் ஆகாதில்ல. ஆஃபர் வேண்டாம்னு சொல்லிட்டு ஃபோனை வச்சேன், கை நடுங்குச்சு.

ஹியரிங் ஜூலைல. மூணு வாரத்துக்கு முன்னாடி நான் எழுதிக் கேட்ட அவங்க ஆதார பாக்கெட் வந்துச்சு. மொத பக்கம் அஞ்சு வீட்டோட விற்பனை, அஞ்சும் 2022 ஏப்ரல், மே, ஜூன்ல வித்தது, அதாவது உச்சத்துல. ஜனவரிக்கு கொண்டு வர ஒரு பைசா கழிக்கல. பின் பக்கத்துல அவங்களே போட்ட சமமதிப்பு டேபிள், ஒன்பது வீடு, மீடியன் 634. படிச்சுட்டு திரும்பப் படிச்சேன். எனக்கு போட்டது 652, அவங்க சொந்த டேபிளே 634-ங்குது. அதுலயும் என் வீட்ட 3,012-னு வச்சுத்தான் எல்லாத்தையும் சரிக்கட்டியிருக்காங்க. அந்த டேபிள்லயே ஏரியா வித்தியாசத்துக்கு ஒரு ஸ்கொயர் ஃபீட்டுக்கு 110 டாலர்னு பிடிச்சிருந்தாங்க, 172-ஐ 110-ஆல பெருக்கினா 18,920, அத கழிச்சா 615. ஒரு வேலையும் செய்யாம, அவங்க பேப்பர வச்சே 615.

என்னோட டேபிள இப்ப ஒழுங்கா போட்டேன். எங்க சப்டிவிஷன்ல அதே பில்டர், 2015-லேர்ந்து 2017-க்குள்ள கட்டினது, என் ஏரியாவுக்கு பத்து சதவீதம் முன்ன பின்ன, இந்த மூணு சல்லடைல நின்னது ஏழு வீடு. ஏழையும் வச்சேன், எனக்கு பிடிக்காததையும் சேத்து. ஏரியா வித்தியாசத்துக்கு அவங்களோட அதே 110. ஒரு வீட்ல நீச்சல் குளம் இருந்துச்சு, அதுக்கு கவுண்ட்டி கார்டுலயே போட்டிருந்த தொகைய கழிச்சேன். என் சொந்த நம்பர்னு எதுவுமே இல்ல, எல்லாம் அவங்க வீட்டு பாத்திரம்தான். ஆயிரக்கணக்குல சொன்னா 571, 583, 588, 592, 599, 610, 631. நடுவுல நிக்கிறது 592. சராசரி எடுத்தா 596 வருது, ஆனா சட்டத்துல மீடியன்னுதான் இருக்கு, அதனால நான் கேட்டது 592.

ரிவ்யூ போர்டுன்னா என்னமோ கோர்ட்டு மாதிரி இருக்கும்னு நெனச்சு பட்டு இல்லாத கொறையா ட்ரெஸ் பண்ணிட்டுப் போனேன். சின்ன ரூம், ஒரு மேஜை, மூணு பேர். இவங்க அப்ரைசல் ஆபீஸ் ஆளுங்க கெடையாது, அதே கவுண்ட்டில குடியிருக்க சாதாரண ஜனங்கதான், அவங்களும் வரி கட்டறவங்கதான். கையத் தூக்கி சத்தியம் பண்ணச் சொன்னாங்க. மொத்தமே பதினஞ்சு நிமிஷம்னாங்க. நான் நாலு செட் ப்ரின்ட் எடுத்துட்டு போயிருந்தேன், ஒவ்வொண்ணும் ஆறே பக்கம். முன்னாடி உக்காந்திருந்தவர் ஒருத்தர் வரி ரொம்ப அதிகம், பென்ஷன்ல எப்படி கட்டறதுன்னு பேசிட்டு வெளில வந்தாரு, பாவமாத்தான் இருந்துச்சு, ஆனா போர்டுக்கு வரி எவ்ளோன்னு முடிவு பண்ற அதிகாரமே இல்ல, மதிப்பு மட்டும்தான். அங்க போய் கஷ்டத்த சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்ல.

கவுண்ட்டி சைடுல வேற ஒரு பொண்ணு வந்திருந்தா. 625-னு ஆரம்பிச்சா, என் க்ளோசிங் பேப்பர்தான் மொத ஆதாரம். நான் குடுத்த கத்தி. அப்புறம் அந்த அஞ்சு விற்பனை. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன், இதுல ஜனவரி 1-க்கு எவ்ளோ கழிச்சிருக்கீங்கன்னு. ஒண்ணும் கழிக்கலன்னா. போர்டுல ஓரத்துல உக்காந்திருந்த பெரியவர் கண்ணாடிய எறக்கி அவளப் பாத்தாரு. உடனே அவ, டிசம்பர்ல வித்த வீடு ஒண்ணு இருக்குன்னு ஸ்க்ரீன்ல எதையோ தொறந்தா. அது எனக்கு அனுப்பின பாக்கெட்ல இல்ல. நான் எழுதிக் கேட்ட தேதிய காட்டி, இது எனக்கு வரலைன்னு சொன்னேன், சேர்பெர்சன் ஒரு செகண்டு யோசிச்சுட்டு அத பாக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. என் வாழ்க்கைல ஒரு அப்ஜெக்ஷன் சொல்லி ஜெயிச்சது அது ஒண்ணுதான், வீட்ல இவர்கிட்ட சொல்லி இன்னும் நடக்கல.

என் முறை வந்ததும் ஃப்ளோர் ப்ளான், அந்த காத்து ஃபோட்டோ, அவங்க 634 டேபிள்ல 172 திருத்தம், கடைசில என் ஏழு வீடு. சேர்பெர்சன் கேட்டாங்க, கொறஞ்ச வீடா பாத்து பொறுக்கினீங்களான்னு. இந்த கேள்வி வரும்னு தெரியும், சல்லடை மூணும் பேப்பர்லயே மேல எழுதியிருந்தேன், 631-ம் அதுலதான் இருக்குன்னு விரல வச்சு காட்டினேன். நிரூபிக்கற பொறுப்பு கவுண்ட்டி பக்கம்தான், என் பக்கம் இல்லன்னு படிச்சிருந்தேன், ஆனா அத சொல்லல, சொன்னா வக்கீல் மாதிரி இருக்கும்னு விட்டுட்டேன்.

நம்ம கண்ணு முன்னாடியே பேசி முடிவு பண்றாங்க, அதுதான் கொடுமை. ஒருத்தர் 615-ங்கறாரு, கண்ணாடி பெரியவர் 592 குடுக்கலாம்ங்கறாரு, சேர்பெர்சன் என் ஏழுல ஒண்ணு மெயின் ரோட்டை ஒட்டினதுன்னு கண்டுபிடிச்சுட்டாங்க, அதுக்கு நான் சரிக்கட்டவே இல்ல, நெஜமாவே எனக்கு தோணல. கடைசில 603,000. ஆர்டர் தபால்ல ரெண்டு வாரம் கழிச்சு வந்துச்சு.

அதுக்கு மேலயும் போகலாம். ஆர்டர் கைக்கு வந்து 60 நாளுக்குள்ள டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டு, இல்லன்னா நடுவர் வச்சுத் தீத்துக்கற ஆர்பிட்ரேஷன். அஞ்சு லட்சம் டாலருக்கு மேல உள்ள ஹோம்ஸ்டெட் வீட்டுக்கு ஆர்பிட்ரேஷன் டெபாசிட் 500 டாலர், தீர்ப்பு உங்க நம்பருக்குப் பக்கமா வந்தா அம்பது டாலர் பிடிச்சுட்டு திருப்பிக் குடுப்பாங்க, அவங்க பக்கமா போனா போச்சு. 603-க்கும் 592-க்கும் நடுவுல இருக்கறது பதினோராயிரம், வரியா பாத்தா இருநூறு டாலர் பக்கம். விட்டுட்டேன். 625 ஆஃபர வாங்கியிருந்தா எவ்ளோ விட்டிருப்போம்னா 22,000, அந்த ரூமுக்குப் போன அரை நாளுக்கு அது தாராளம்.

அக்டோபருக்கு பில் வரவேண்டியது அந்த வருஷம் கொஞ்சம் கொழப்பம், ஏன்னா நவம்பர்ல ஓட்டெடுப்பு வச்சு ஸ்கூல் வரிக்கு ஹோம்ஸ்டெட் கழிவ 40,000-லேர்ந்து 100,000 ஆக்கிட்டாங்க, 2023-க்கே செல்லும்னுட்டாங்க, ஸ்கூல் ரேட்டும் எறங்குச்சு. பில்ல பாத்து எல்லாம் உன்னாலதான்னு இவரு பாராட்டினாரு, நான் மறுக்கல, ஆனா இங்க உண்மைய சொல்லணும், பெரிய எறக்கம் அந்த கழிவால வந்தது, அது தெருவுல எல்லாருக்கும் வந்துச்சு. என் ப்ரொடெஸ்ட்டால கொறஞ்சது 49,000, எங்க ரேட்டு கடைசில 1.84 பக்கம் வந்துச்சு, அப்ப 900 டாலர் சொச்சம். மார்ட்கேஜ் கம்பெனி எஸ்க்ரோவுல, அதாவது வரிக்குன்னு மாசத் தவணையோட பிடிச்சு வைக்கற கணக்குல, பணம் பத்தலன்னு முன்னாடியே ஏத்தி வச்சிருந்த மாசத் தவணைய அவங்களா எறக்கல, பில்ல அனுப்பி திரும்ப கணக்கு போடுங்கன்னு ரெண்டு தடவை கேட்டப்புறம்தான் எறக்கினாங்க.

பயமுறுத்தின அண்ணா மார்ச் மாசம் வீட்டுக்கு வந்தாரு, காபி குடிச்சாரு, வெதர பத்தி பேசினாரு, கெளம்பும்போது வாசல்ல நின்னு "ஏம்மா, அந்த எக்ஸெல்ல எனக்கு ஒண்ணு அனுப்பி வைக்கறியா"ன்னாரு. அனுப்பினேன், கேப் மதிப்ப எடுக்காதீங்க அண்ணான்னு செவப்பு எழுத்துல மேல போட்டு.

2024 ஏப்ரல்ல அடுத்த கவர் வந்துச்சு. மதிப்பு 628, கேப்புக்குள்ளதான், மோசம் இல்லன்னு வச்சுட்டு சும்மா வெப்சைட்ல கார்டை தொறந்து பாத்தேன். ஏரியா 3,012 ஸ்கொயர் ஃபீட். போர்டு மதிப்ப மட்டும் மாத்துச்சு, கார்டை யாரும் தொடல, தனியா எழுதிக் குடுத்து ஆள வரச் சொல்லி அளக்க வைக்கணும்னு எனக்கும் தோணல. பையன்ட்ட டேப்ப எடுத்துட்டு வரச் சொன்னேன், இந்த தடவை அந்த காத்தோட நடுவுல ஸ்கேல் தொங்கவிட்டு ஃபோட்டோ எடுக்கலாம்னு அவனே ஐடியா குடுத்தான்.